தனுஷ்கோடி ஊற்றும் உப்பளத்து டிகிரியும்

தனுஷ்கோடிக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் அமைதியானதைப் பெண் கடல் என்றும், அலையடிப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். நடுவில் இருப்பது குறுகலான மணல்திட்டு. அந்த மணலில் இடம் பார்த்து இரண்டு மூன்று அடி தோண்டினால் குழியில் ஊறுவது குடிக்கிற தண்ணீர். குழிக்கும் கடலுக்கும் நடுவே சுவர் கிடையாது, பாறை கிடையாது, வெறும் மணல்தான்.

கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் “மணல் உப்பை வடிகட்டிவிடுகிறது” என்பார்கள். இது தவறு. மணல் தூசியைத் தடுக்கும், கரைந்த உப்பைத் தடுக்காது. ஒரு பிளாஸ்டிக் குழாயில் மணலை நிரப்பி, மேலே கடல்நீரை ஊற்றிக்கொண்டே இருந்து பாருங்கள். கீழே சொட்டுவதும் கரிக்கும். குழியில் ஊறுவது கடல்நீரே அல்ல, ஐப்பசி கார்த்திகையில் பெய்து மணலுக்குள் இறங்கிய மழைநீர். அது ஏன் கடலோடு கலந்து போகாமல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் ஒன்பதாம் வகுப்பின் பாய்மங்கள் பாடத்தில் ஒரே வரியில் இருக்கிறது:

அழுத்தம் = ஆழம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம்

இந்த ஒரு பெருக்கலைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் ஆர்க்கிமிடிஸ் தத்துவம், மிதத்தல் விதி, திரவமானி (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி) எதையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லாம் இதிலிருந்தே வரும். புத்தகத்தில் அவை தனித்தனித் தலைப்புகளாக நிற்பதால் மாணவர்கள் நாலு விஷயம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதலில் அலகு. அடர்த்தியை கிலோகிராம்/கன மீட்டரில் எழுத வேண்டும்: நல்ல தண்ணீர் 1000, கடல்நீர் சுமார் 1025. ஆழம் மீட்டரில், முடுக்கம் 9.8. ஒரு மீட்டர் ஆழத்தில் கடல்நீர் தரும் அழுத்தம் 1 × 1025 × 9.8 = 10,045 பாஸ்கல். பத்து மீட்டரில் ஒரு லட்சத்தைத் தொடும். அது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் (1,01,325 பாஸ்கல்). நம் கரையில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஆறு அடி, அதாவது 1.83 மீட்டர். ஆக ஐந்தரைப் பாகத்துக்கு ஒரு வளிமண்டலம் கூடுகிறது. தேர்வில் மதிப்பெண் போகும் இடம் இரண்டு. அடர்த்தியை 1.025 என்று கிராம் கணக்கில் போட்டுவிட்டு ஆழத்தை மீட்டரில் போடுவது ஒன்று. மொத்த அழுத்தம் கேட்கும்போது மேலே இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் கூட்ட மறப்பது இன்னொன்று. பத்து மீட்டர் ஆழத்தில் இருப்பவர் மேல் மொத்தம் இரண்டு வளிமண்டலம்.

சூத்திரத்தில் என்ன இல்லை என்பதையும் பாருங்கள். பாத்திரத்தின் அகலம் இல்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் விரல் தடிமன்தான், ஆனால் வீட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மட்டம் சரியாகக் காட்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டால் மட்டும் காலை வாரிவிடும். அந்த இடத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று இருப்பதால் அவ்வளவு உயரம் கணக்கில் குறைந்துபோகும். மொட்டைமாடித் தொட்டி 500 லிட்டரா 2000 லிட்டரா என்பதும் குழாயில் வரும் அழுத்தத்தை மாற்றாது. தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்தினால் 9,800 பாஸ்கல் கூடும், அவ்வளவுதான். ஷவரில் தண்ணீர் சொட்டுகிறது என்று பெரிய தொட்டி வாங்கினால் காசுதான் வீண்.

அழுத்தம் வேறு, விசை வேறு. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால்தான் விசை. நீளமான குழாயைக் கடித்துக்கொண்டு ஒரு மீட்டர் ஆழத்தில் மூச்சு விடலாமே என்று பையன்கள் கேட்பார்கள். மார்பின் பரப்பு 0.06 சதுர மீட்டர் என்று வையுங்கள். வெளியே நீரின் அழுத்தம் 10,045 பாஸ்கல் கூடுதல். உள்ளே குழாய் வழியாக வருவது மேற்பரப்புக் காற்றின் அழுத்தம். வித்தியாசத்தால் மார்பின் மேல் 600 நியூட்டன், அறுபது கிலோ மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி. விலா எலும்பை விரிக்கும் தசைகளுக்கு அந்த பலம் கிடையாது. கடையில் விற்கும் மூச்சுக்குழாய் ஒன்றரை அடிக்குள் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பாசி எடுக்க மூச்சை அடக்கி முங்கும் பெண்களுக்கு நடப்பது வேறு. மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும், சேதம் இல்லை. காம்பிரசர் குழாயில் காற்று வாங்கிச் சங்கு குளிப்பவர் நிலை அப்படி அல்ல. பத்து மீட்டரில் அவர் இழுக்கும் காற்றே இரண்டு வளிமண்டலத்தில் இருக்கிறது. ஆறு லிட்டரை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது பன்னிரண்டு லிட்டராகப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. ஏறும்போது காற்றை விட்டுக்கொண்டே ஏற வேண்டும். அழுத்தம் பாதியானால் காற்றின் கன அளவு இரட்டிப்பாகும் என்ற பாயில் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டால் மதிப்பெண் மட்டும் போகும் என்று சொல்ல முடியாத இடம் இது.

இப்போது மணல்திட்டுக்கு வருவோம்.

மணலுக்குள் மழைநீர், அதைச் சுற்றியும் அடியிலும் உப்புநீர். இரண்டும் ஒரே மணலின் துளைகளில்தான் இருக்கின்றன. இரண்டு நீரும் சந்திக்கும் எல்லையில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அழுத்துவது 1000 அடர்த்தியுள்ள நல்ல தண்ணீர்ப் பத்தி. பக்கத்தில் இருந்து எதிர்ப்பது 1025 அடர்த்தியுள்ள கடல்நீர்ப் பத்தி. அழுத்தம் சமமாக வேண்டும் என்றால் நல்ல தண்ணீர்ப் பத்தி சற்று உயரமாக இருந்தாக வேண்டும். எவ்வளவு? எல்லை கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டரில் இருந்தால் கடல்நீர்ப் பத்தி 40 × 1025 = 41,000. அதே எண்ணை நல்ல தண்ணீரால் எட்ட 41 மீட்டர் வேண்டும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர், கீழே நாற்பது மீட்டர். 1000-ஐ 25-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 40. இதை கைபன்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பு என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான்.

மணல்திட்டில் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு சாண்தான், சுமார் 20 சென்டிமீட்டர், என்று வைத்தாலும் கீழே எட்டு மீட்டர் வரை நல்ல தண்ணீர் தொங்குகிறது என்று கணக்கு சொல்லும். உண்மையில் அவ்வளவு இருக்காது. அலையும் ஏற்ற வற்றமும் எல்லையை ஆட்டிக்கொண்டே இருப்பதால் நடுவில் சப்பும் கரிப்புமாக ஒரு கலவைப் பட்டை உண்டு. திட்டு குறுகலாக இருந்தால் மழைநீர் பக்கவாட்டில் கடலுக்குக் கசிந்தும் போகும்.

அந்த 40 இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. பம்ப் போட்டு நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால், நிலைமை சமன் ஆகும்போது அடியில் உப்புநீர் நாலு மீட்டர் ஏறி வரப் பார்க்கும். ஊற்றில் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுவது வசதி இல்லாததால் வந்த பழக்கம் என்று தோன்றலாம். அள்ளிய அளவு பக்கத்திலிருந்து ஊறிய பிறகே அடுத்தது அள்ளுகிறார்கள், மட்டம் இறங்குவதே இல்லை. ஆழமாகத் தோண்டாமல் அகலமாகத் தோண்டுவதும் அதே காரணத்தால்தான் பலிக்கிறது. கடற்கரை ஊர்களில் “போன வருஷம் வரைக்கும் நல்ல தண்ணீர், மோட்டார் போட்டதும் உப்பாகிவிட்டது” என்ற புலம்பலைக் கேட்டால், அங்கே கடல் உள்ளே வந்தது என்பதைவிட நல்ல தண்ணீரின் எடை குறைந்துவிட்டது என்பதே சரியான விளக்கம்.

வகுப்பில் இதைக் காட்டக் கண்ணாடி டம்ளர் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 36 கிராம் கல் உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய கடல்நீர். அதை அரை டம்ளர் ஊற்றுங்கள். நல்ல தண்ணீரில் ஒரு துளி சொட்டு நீலம் கலந்து, ஸ்பூனைக் கவிழ்த்து அதன் முதுகின் மேல் மெல்ல விடுங்கள். நீலம் மேலே தனித் தட்டாக நிற்கும். கலந்துபோனால் ஊற்றிய வேகம் காரணம், அல்லது இரண்டு தண்ணீரின் வெப்பநிலை வேறாக இருந்திருக்கும். உப்புக் கரைசலை வெந்நீரில் தயாரித்து ஆறாமல் ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

அடுத்தது மிதப்பு விசை. பத்து சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றைக் கடலுக்குள் அமிழ்த்துங்கள். பக்கவாட்டு அழுத்தங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட 0.1 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் அங்கே அழுத்தம் 1,004.5 பாஸ்கல் கூடுதல். அடிப்பரப்பு 0.01 சதுர மீட்டர். பெருக்கினால் 10.05 நியூட்டன், மேல்நோக்கி. இது 1.025 கிலோ கடல்நீரின் எடை. கனசதுரத்தின் இடத்தில் முன்பு இருந்த நீர் அவ்வளவுதான். ஆர்க்கிமிடிஸ் தத்துவம் முடிந்தது. கனசதுரம் இரும்பா தெர்மாகோலா என்பது எங்கேயும் வரவில்லை, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் வரவில்லை. “ஆழம் போகப் போக மிதப்பு விசை கூடும்” என்று எழுதுபவர்கள் அழுத்தத்தையும் அழுத்த வித்தியாசத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று: மேலே தள்ளுவது அடியில் இருக்கும் நீர். அடியில் நீரே இல்லாமல் சேற்றில் அப்பிக்கொண்ட படகையோ நங்கூரத்தையோ முதல் இழுப்பில் கிளப்ப முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டி ஆட்டி இழுத்தால் அடியில் நீர் புகுந்துவிடும், பிறகு சுளுவாக வரும்.

இதை அளக்கப் பள்ளியில் சுருள்வில் தராசு கொடுப்பார்கள். என் அபிப்பிராயத்தில் சமையலறை மின்னணுத் தராசு அதைவிட நல்ல கருவி. ஒரு கிராம் வரை காட்டுவது போதும். ஒரு பாத்திரத்தில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யம் செய்துகொள்ளுங்கள். அரை கிலோ கருங்கல் ஜல்லி ஒன்றை மெல்லிய தையல் நூலில் கட்டி, கையில் பிடித்தபடி முழுதாக முங்கும் வரை இறக்குங்கள், தரையைத் தொடக்கூடாது. தராசு சுமார் 189 காட்டும். கல்லின் எடையைத் தாங்குவது உங்கள் கை, ஆனாலும் தராசு ஏறுகிறது. தண்ணீர் கல்லை மேலே தள்ளினால் கல் தண்ணீரைக் கீழே தள்ளியாக வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த 189 கிராம்தான் மிதப்பு விசை, கல்லின் கன அளவும் 189 கன சென்டிமீட்டர். 500-ஐ 189-ஆல் வகுத்தால் கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், கருங்கல்லின் அடர்த்தி.

பிழைகள் எங்கே வரும்? கல் அடியைத் தொட்டால் அளவு சட்டென்று 500-ஐ நோக்கித் தாவும், அது கண்டுபிடிக்க எளிது. பக்கச் சுவரில் லேசாகச் சாய்ந்தால் சில கிராம்தான் கூடும், அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கல்லில் ஒட்டிய குமிழிகள் அளவைக் கூட்டும். கல்லை முதலில் நனைத்து விரலால் தேய்த்துவிட்டு இறக்குங்கள். தண்ணீர் வழிந்தால் கணக்கே போச்சு. கையை ஆட்டாமல் இருக்க முடியாது என்பதால் நூலை ஒரு ஸ்டாண்டிலோ நாற்காலிக் கம்பியிலோ கட்டுவது உத்தமம்.

அதே கல்லைக் கடல்நீரில் இறக்கினால் 193, 194 காட்டும். விகிதம் 1.024 பக்கம் வரும். ஆனால் தராசே ஒரு கிராம் முன்னே பின்னே சொல்லும் கருவி. 189-இல் ஒன்று என்றால் அரை சதவீதத்துக்கு மேல். கடலுக்கும் நல்ல தண்ணீருக்கும் உள்ள மொத்த வித்தியாசமே இரண்டரை சதவீதம். மூன்று தசம இடம் எழுதுவதற்கு இந்த அளவீட்டில் தகுதி இல்லை. இரண்டு கிலோ கல்லும் பெரிய பாத்திரமும் எடுத்தால் நாலு மடங்கு நன்றாக வரும். தராசு எத்தனை கிலோ வரை தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இராமேஸ்வரத்தில் சில இடங்களில் தொட்டியில் மிதக்கும் கல்லைக் காட்டுகிறார்கள். நம்பிக்கை அவரவர் விஷயம். கல் மிதக்குமா என்ற கேள்விக்கு மட்டும் அடர்த்தி பதில் சொல்லும். பவளப்பாறை ஆரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது, கனிமத்தின் அடர்த்தி 2.93. அது நல்ல தண்ணீரில் மிதக்க வேண்டும் என்றால் கன அளவில் 66 சதவீதம் காற்று இருக்க வேண்டும், அதுவும் தண்ணீர் புகாத மூடிய துளைகளில். துளைகள் திறந்திருந்தால் தண்ணீர் ஏறி, மெல்ல மூழ்கிவிடும். எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்த நுரைக்கல் இதில் கெட்டிக்காரக் கல். 1883-இல் கிரகடோவா வெடித்தபோது சிதறியவை இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து போயின. வீட்டில் சோதிக்கக் குதிகால் தேய்க்கும் நுரைக்கல் கிடைக்கும். எடை போட்டுவிட்டு, மெல்லிய ஊசியால் குத்தித் தண்ணீருக்குள் முழுதாக அமுக்கினால் தராசு காட்டும் ஏற்றம் அதன் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் ஒன்றுக்குக் கீழே வரும். பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தால் எண் மாறியிருக்கும். அது தராசின் கோளாறு அல்ல, கல் தண்ணீர் குடிக்கிறது. சோதனைக்காகக் கடலில் பவளத்தை எடுக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது.

படகுக்கு வந்தால் கணக்கு இன்னும் நேரானது. நீர்மட்டத்தில் ஆறு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு நாட்டுப்படகை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் விலக்கும் நீர் 0.06 கன மீட்டர், எடை 61.5 கிலோ. ஆள் ஒருவருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று நினைவில் வைக்கலாம். மீனும் ஐஸும் அறுநூறு கிலோ ஏறினால் பத்து சென்டிமீட்டர். விளிம்புக்கும் நீருக்கும் மிச்சம் எவ்வளவு என்று கண்ணாலேயே பார்க்கலாம். “கப்பல் ஆற்றிலிருந்து கடலுக்குள் போனால் என்ன ஆகும்” என்பது தேர்வில் அலுக்காமல் வரும் கேள்வி. வைகை கடல் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரில் வெள்ளம் வந்த நாளில் இந்தப் படகை ஓட்டுங்கள். மொத்த எடை 1,500 கிலோ என்றால் நல்ல தண்ணீரில் 1.5 கன மீட்டர் விலக்கும், கடலில் 1.463. வித்தியாசத்தை ஆறு சதுர மீட்டரால் வகுத்தால் 6 மில்லிமீட்டர். படகு உயரும் என்பது சரியான விடை. கண்ணால் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்து எழுதினால் அந்த மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

மிதப்பது ஒரு கணக்கு, கவிழாமல் மிதப்பது இன்னொரு கணக்கு. பாம்பன் பக்கம் தெர்மாகோல் மிதவையில் ஒற்றை ஆளாக மீன்பிடிப்பவர்களைப் பார்க்கலாம். 2 மீட்டர் × 1 மீட்டர் × 0.2 மீட்டர் மிதவை, கன அளவு 0.4. தெர்மாகோல் கன மீட்டருக்கு 20 கிலோ என்று கொண்டால் எட்டு கிலோதான். முழுதாக அமிழ்ந்தால் 410 கிலோ நீரை விலக்கும், ஆக 400 கிலோ தாங்கும் என்று வருகிறது. ஆனாலும் அதில் இரண்டு பேர் எழுந்து நின்றால் கவிழ்ந்துவிடும். எடை கீழ்நோக்கிச் செயல்படுவது ஈர்ப்பு மையத்தில், மிதப்பு விசை மேல்நோக்கிச் செயல்படுவது விலக்கிய நீரின் மையத்தில். மிதவை சாயும்போது இரண்டாவது மையம் சாய்ந்த பக்கம் நகர்ந்து, நிமிர்த்தும் திருப்புத்திறனைத் தரும். நின்றுகொண்டால் ஈர்ப்பு மையம் ஏறி, அந்த நகர்வை முந்திவிடும். படகுக்குள் தேங்கிய தண்ணீர் இதைவிட மோசம். நூறு கிலோ வலை சாய்ந்தாலும் இருந்த இடத்தில் இருக்கும். நூறு லிட்டர் தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடிச் சேர்ந்து மேலும் சாய்க்கும். இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்வது படகு கனக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல.

மண்டபம் பக்கத்துப் பாசி வளர்ப்பில் அழகான ஒரு கணக்கு இருக்கிறது, எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. மூங்கில் தெப்பத்தில் சுமார் அறுபது கிலோ விதைப் பாசி கட்டிவிட்டு நாற்பத்தைந்து நாளில் அறுத்தால் இருநூறு கிலோவுக்கு மேல் வரும். எடை நாலு மடங்கானாலும் தெப்பம் மூழ்குவதில்லை. பாசியின் அடர்த்தியை 1.05 என்று வைத்துக்கொண்டால் 240 கிலோ பாசியின் கன அளவு 229 லிட்டர். அது விலக்கும் கடல்நீர் 234 கிலோ. மூங்கிலின் மேல் விழுவது ஆறு கிலோகூட இல்லை. கரைக்கு இழுத்து மேலே தூக்கும் நொடியில் 240 கிலோவும் கயிற்றில் வந்து நிற்கும், போதாததற்கு இலைகளில் ஒட்டிய தண்ணீரும். கயிறு அறுவது கடலில் அல்ல, தூக்கும்போது.

அதே பெருக்கல் ஓடும் நீருக்கும் பொருந்தும். வாடை அடிக்கும் மாதங்களில் பாம்பன் கால்வாயில் நீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடும், தென்மேற்குக் காற்றில் திசை மாறும். காற்று தண்ணீரை ஒரு பக்கம் குவிப்பதால் இரண்டு கடலின் மட்டமும் கொஞ்சம் வேறாகிறது. 10 சென்டிமீட்டர் வித்தியாசம் முழுதும் வேகமாக மாறினால் 2 × 9.8 × 0.1-இன் வர்க்கமூலம், வினாடிக்கு 1.4 மீட்டர். உராய்வில் கொஞ்சம் போனாலும் துடுப்புப் படகை நிறுத்த அது போதும். புயலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு: காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். நாற்பது மில்லிபார் குறைந்தாலும் நாற்பது சென்டிமீட்டர்தான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த அலை, அழுத்தக் குறைவால் மட்டும் வந்திருக்க முடியாது. காற்று, ஆழம் குறைந்த கடலில் தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிக் குவித்ததே பெரும்பங்கு.

கடைசியாகத் திரவமானி. வாலிநோக்கம் போன்ற இடங்களில் உப்பளத்தில் யாரும் அடர்த்தி என்று சொல்வதில்லை, “தண்ணி எத்தனை டிகிரி” என்பார்கள். அது போமே டிகிரி. 145-இலிருந்து டிகிரியைக் கழித்து, அதனால் 145-ஐ வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது நல்ல தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி: 145 ÷ 141.5 = 1.025. வெயிலில் சுண்டச் சுண்ட ஏறிக்கொண்டே போகும். 13 டிகிரி பக்கம் ஜிப்சம் படிய ஆரம்பிக்கும், அதை முந்தைய பாத்தியிலேயே விட்டுவிட வேண்டும். 25 டிகிரியில், அதாவது 1.208-இல், உப்பு பூக்கும். அதற்குள் நீரின் அளவு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகியிருக்கும். 29-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், மூட்டையில் நீர்விடும். அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். கருவாட்டுக்கு உப்புநீர் கட்டும் வீடுகளில் முட்டை மிதக்கிறதா என்று பார்ப்பதும் திரவமானிதான், ஒரே ஒரு கோடு போட்ட திரவமானி. புது முட்டையின் ஒப்படர்த்தி 1.08 பக்கம், கடல்நீரில் அது மூழ்கும்.

ஸ்ட்ராவில் திரவமானி செய்யலாம். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்ட்ராவின் ஒரு முனையை எம்-சீல் வைத்து அடைத்து, உள்ளே சின்ன ஆணிகளைப் போட்டு மொத்தம் 4 கிராம் ஆக்குங்கள். குறுக்குப் பரப்பு 0.283 சதுர சென்டிமீட்டர். நல்ல தண்ணீரில் 14.1 சென்டிமீட்டர் அமிழும், கடல்நீரில் 13.8, உப்பு பூக்கும் தண்ணீரில் 11.7. உப்பளத்துக்கு இது போதும். கடலையும் குழாய்த் தண்ணீரையும் பிரிக்கக் கிடைப்பது மூன்றரை மில்லிமீட்டர்தான். நீர் ஸ்ட்ராவின் மேல் ஏறி வளைந்து நிற்கும், அந்த வளைவை விட்டு, சமமாக இருக்கும் மட்டத்தைப் படிக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்ட ஸ்ட்ராவில் பரப்பு இழுவிசை இடத்துக்கு இடம் மாறி, சில மில்லிமீட்டர் ஏமாற்றும். சோப்பில் கழுவலாம், ஆனால் நன்றாக அலசாவிட்டால் சோப்பே தண்ணீரின் இழுவிசையைக் குறைக்கும். கடையில் வாங்கும் கருவியின் வயிறு பெருத்து, கழுத்து மெலிந்திருப்பது இந்தத் தொல்லைக்காகத்தான். வயிறு 20 கன சென்டிமீட்டர், கழுத்தின் பரப்பு 0.2 என்றால் அதே இரண்டு தண்ணீருக்கும் வித்தியாசம் 2.4 சென்டிமீட்டர்.

உப்பளத்தில் அளந்து முடித்ததும் கருவியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். காய்ந்த உப்பு 0.2 கிராம் ஒட்டியிருந்தால், 20 கிராம் கருவி ஒரு சதவீதம் கனத்து, ஆழமாக அமிழும். 25 டிகிரித் தண்ணீரை 24 என்று காட்டும், பாத்தியில் உப்பு பூக்க ஆரம்பித்த பிறகும் இன்னும் சுண்டட்டும் என்று காத்திருப்பீர்கள்.